நம் சனம் வரும் கடற்கரை: கசூரினா சொல்லும் வியாபாரக் கணக்கு

பத்தாயிரம் ரூபாவை ஒரே ஒருவரிடம் சம்பாதிப்பதா, நூறு பேரிடம் நூறு நூறு ரூபாவாகச் சம்பாதிப்பதா? வியாபாரத்தில் இறங்கும் எவருக்கும் முதல் வருடத்திலேயே எழும் கேள்வி இது. இதற்கு ஒரே பதில் கிடையாது. நகைக்கடைக்காரர் ஒரு பதில் சொல்வார், தேநீர்க் கடைக்காரர் வேறொரு பதில் சொல்வார். ஆனால் சுற்றுலா என்று வந்துவிட்டால் மட்டும் நம்மில் பலர் யோசிக்காமலேயே முதலாவது பதிலைத் தேர்ந்துவிடுகிறோம். வெள்ளைக்காரர் வருவார், டொலரில் தருவார், நாலு அறை கட்டி ஏசி பூட்டினால் போதும் என்பதே பலருடைய எண்ணம்.

யாழ்ப்பாணத்தில் வியாபாரம் செய்யும் சகோதரர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் கேட்டு வருவதும் இதைத்தான். 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் கொழும்பிலும் காலத்தைக் கழித்து, யுத்தம் முடிந்த 2009க்குப் பின்னர் திரும்பி வந்து, இரும்புக் கடை, தையல் கடை, பழைய இரும்பு வியாபாரம் என்று மீண்டும் காலூன்றியவர்கள் அவர்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. "சுற்றுலாவில் போடலாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெருந்தொகை போட்டுவிட்டுப் பிறகு யோசிப்பதை விட, உள்ளூர்ச் சனம் உண்மையில் எங்கே போகிறது, எதற்குப் பணம் கொடுக்கிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. அதற்காகவே ஐந்துசந்திப் பக்கத்து வியாபாரிகள் இருவருடன் பாடசாலை விடுமுறைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போயிருந்தேன்.

குளிர் நாடுகளில் சாதாரணக் குடும்பங்கள் விடுமுறைக்குப் பனிமலைக்குப் போய்ச் சறுக்கி விளையாடிவிட்டு வருவார்கள். பெரிய பணக்காரர் போகும் மலை வேறு, ஊர்ச் சனம் போகும் மலை வேறு. குடாநாட்டில் மலையும் இல்லை, பனியும் இல்லை. ஆனால் ஊர்ச் சனம் குறைந்த செலவில் ஒரு நாளைக் கழித்துவிட்டு வரும் இடம் உண்டு. அந்த வரிசையில் முன்னால் நிற்பது கசூரினா.

போகும் வழி

காரைநகர் ஒரு தீவு. ஆனாலும் அங்கே போகப் படகு தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய், சங்கானை ஊடாகப் பொன்னாலைக்குப் போனால், அங்கிருந்து கடலை ஊடறுத்து நீண்ட தரைப்பாலம் போகிறது. இரு பக்கமும் முழங்காலளவு தண்ணீர், மீன்பிடிக் களங்கட்டிகள், கொக்குகள். பாலம் முடியும் இடத்தில் காரைநகர். யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். பஸ்ஸும் உண்டு, மினிபஸ்ஸும் உண்டு. மோட்டார் சைக்கிளில் இருவர் போய் வர அதிக பெற்றோல் செலவாகாது. ஒரு வீதியில் உள்ள நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வானைப் பிடித்தால் தலைக்கு விழும் பணம் இன்னும் குறைவு.

இந்தச் சிறிய விபரத்தைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். நெடுந்தீவு பார்க்க அழகான இடம். ஆனால் அங்கே போவதற்குக் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும், திரும்பும் படகைத் தவறவிடவும் கூடாது. கைக்குழந்தையும் வயதான உம்மாவும் உள்ள குடும்பம் அதற்குத் தயங்கும். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு மஃரிபுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்றால் எந்தக் குடும்பமும் வரும். வாடிக்கையாளர் வந்து போகும் சிரமம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அவர் மீண்டும் வருவார். நகரத்தில் கடைக்கு இடம் பார்க்கும்போது நாம் பார்க்கும் அதே விதிதான் இது.

கடற்கரைக்குப் பெயர் கொடுத்தவை அங்கே வரிசையாக நிற்கும் சவுக்கு மரங்கள். கசூரினா என்பது சவுக்கின் ஆங்கிலப் பெயர். கரையை அடுத்துள்ள கடல் பாக்கு நீரிணையின் ஆழமில்லாத பகுதி. அலை பெரிதாக இல்லை. வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. நீந்தத் தெரியாத பெண்களும் பிள்ளைகளும் பயமின்றி இறங்குவதற்குக் காரணம் இதுவே. தெற்கில் ஹிக்கடுவையிலும் கிழக்கில் அறுகம்பையிலும் அலையே மூலதனம். அலைச் சறுக்கலுக்கென்றே வெளிநாட்டார் அறுகம்பைக்கு வருகிறார்கள். கசூரினாவில் அலை இல்லாததே மூலதனம். ஒரே கடல்தான், ஆனால் சரக்கு வேறு, வாடிக்கையாளரும் வேறு.

யார் வருகிறார்கள்?

நுழைவிடத்தில் பிரதேச சபையினர் சிறு கட்டணம் அறவிடுகிறார்கள். வாகனத்துக்குத் தனியாக. யாரும் பேரம் பேசவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. காலையிலிருந்து மாலை வரை நாங்கள் அங்கே இருந்து, வந்தவர்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தோம்.

முதலாவது வகை, குடாநாட்டுக் குடும்பங்கள். இவர்களே பெரும்பான்மை. புட்டும் சோற்றுப் பார்சலும், பிளாஸ்கில் தேநீரும் வீட்டிலிருந்தே வருகின்றன. பாயை விரித்து மர நிழலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்த்தால் இவர்களிடம் வியாபாரமே இல்லை என்று தோன்றும். உண்மை அதுவல்ல. பிள்ளைகள் தண்ணீரிலிருந்து ஏறியதும் பசிக்கும். அப்போது இறால் வடை வேண்டும், ஐஸ்கிறீம் வேண்டும், உப்புத்தூள் போட்ட மாங்காய் வேண்டும்.

இரண்டாவது வகை, இளைஞர்கள். மோட்டார் சைக்கிளில் கூட்டமாக வருகிறார்கள். சோடா, றோல்ஸ், கச்சான். தங்கும் நேரம் குறைவு, வாங்கும் வேகம் அதிகம்.

மூன்றாவது வகை, தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பஸ்களில் வருவோர். நயினாதீவு நாகவிகாரைக்கு வரும் யாத்திரிகர்கள் ஒரு பகுதியினர். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் பார்க்க வரும் முஸ்லிம் குடும்பங்களும் இதில் அடங்கும். இவர்கள் கடற்கரையில் குறைவாகவும், திரும்பும் வழியில் அதிகமாகவும் வாங்குகிறார்கள். பனங்கட்டி, பனங்கிழங்கு, ஒடியல், நல்லெண்ணெய், கருவாடு, முந்திரிகைப் பழம் என்று பைகள் நிறைகின்றன.

நான்காவது வகை, கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் நாடுகளிலிருந்து ஜூலை, ஓகஸ்டில் ஊருக்கு வரும் உறவுகள். கையில் வெளிநாட்டுக் காசு, வாயில் ஊர்ச் சுவை. விலை பார்ப்பது குறைவு, சுத்தம் பார்ப்பது அதிகம்.

அசல் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளும் கண்ணில் பட்டார்கள். விரல் விட்டு எண்ணலாம். வடை சுட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அம்மா, வெளிநாட்டுக்காரர் வந்தால் நல்ல வியாபாரம்தானே?"

"வாறவை ஒருக்கா வந்து படம் எடுத்துக்கொண்டு போயிடுவினம், நானா. எங்கட சனம் இந்த ஞாயிறும் வரும், அடுத்த லீவுக்கும் வரும். அவையை நம்பித்தான் நான் மாவரைக்கிறன்."

பொருளாதாரம் படித்தவர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவர் மூன்று வசனத்தில் சொல்லிவிட்டார்.

கடற்கரைக் கடையின் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே உள்ளவை எந்தக் கடையினதும் உண்மைக் கணக்கு அல்ல. விளங்கிக்கொள்வதற்காக நான் போட்டுப் பார்த்த உதாரணம். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

வருடத்தில் 52 வாரம். சனி, ஞாயிறு மட்டும் கடை போட்டால் 104 நாட்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக் காலம், கடலும் குழம்பியிருக்கும், சனமும் வராது. அந்த 13 வாரத்தின் 26 நாட்களைக் கழித்தால் மிஞ்சுவது 78. போயா, பெருநாள், பாடசாலை விடுமுறை என்று ஒரு 30 நாட்களைச் சேர்த்தால் 108 நாட்கள். ஆக, கடற்கரைக் கடை என்பது வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நாட்களே நடக்கும் வியாபாரம். இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளில் 200 ரூபா விலையில் 150 விற்பனை என்று வைப்போம். வரவு 30,000 ரூபா. 200 ரூபாப் பொருளில் 130 ரூபா சரக்குச் செலவு, 70 ரூபா மிச்சம். மொத்த மிச்சம் 10,500 ரூபா. உதவியாளின் கூலி 3,000, போக்குவரத்து 1,500, தண்ணீர், ஐஸ், விறகு, கடை வாடகைப் பங்கு 1,500. ஆகச் செலவு 6,000. கையில் நிற்பது 4,500 ரூபா. 108 நாளுக்கு 486,000 ரூபா. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 40,500 ரூபா.

இது ஒரு குடும்பத்தைத் தனியே தாங்கும் வருமானம் அல்ல. ஆனால் வாரநாட்களில் தையல் மெஷினில் உட்காருபவருக்கோ, சந்தையில் கடை வைத்திருப்பவருக்கோ இது நல்ல பக்க வருமானம். போட வேண்டிய முதலும் சிறியது. அடுப்பு, குளிர்ப்பெட்டி, பாத்திரம், குடை, தள்ளுவண்டி என்று மூன்று இலட்சம் போட்டால், கணக்குப்படி முதல் வருடத்திலேயே திரும்பிவிடும்.

இப்போது அறை கட்டும் கணக்கைப் பார்ப்போம். காணி போக, நான்கு அறைக்கு ஒரு கோடி ரூபா முடக்குகிறோம் என்று வையுங்கள். மாதம் 120 அறைநாள். பாதி நிரம்பினால் 60. ஒன்றுக்கு 5,000 ரூபா என்றால் வரவு மூன்று இலட்சம். கடற்கரைக் கடையை விடக் கவர்ச்சியாகவே தெரிகிறது. ஆனால் அதிலிருந்து ஊழியர் சம்பளம், மின்சாரம், சலவை, பராமரிப்பு, இணையத்தில் அறை பிடித்துக் கொடுப்பவரின் கமிஷன் எல்லாம் போக வேண்டும். அறைகள் வெறுமையாகக் கிடந்தாலும் இவற்றில் பாதி நிற்காது. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். கட்டிடத்தைத் தள்ளிக்கொண்டு போக முடியாது.

விலையைக் கூட்டினால் என்ன?

எங்களோடு வந்த சகோதரர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார். "200 ரூபாவுக்கு விற்பதை 300க்கு விற்றால் என்ன? கடற்கரையில் வேறு எங்கே போய் வாங்குவார்கள்?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 300 ரூபா விலையில் மிச்சம் 170. விற்பனை பாதியாகக் குறைந்து 75 ஆனாலும் மொத்த மிச்சம் 12,750. செலவு 6,000 போக 6,750 ரூபா. அதாவது 4,500ஐ விட அதிகம், வேலையும் பாதி. காகிதத்தில் பார்த்தால் விலையைக் கூட்டியவரே கெட்டிக்காரர்.

நாடெங்கும் சுற்றுலா இடங்களில் விலை ஏறுவது இந்தக் கணக்கினால்தான். இது பொய்க் கணக்கல்ல. ஆனால் இது ஒரு நாள் கணக்கு. அதே குடும்பத்தின் வருடக் கணக்கைப் பாருங்கள். விலை நியாயமாக இருக்கும்போது வருடத்தில் ஆறு தடவை வாங்குகிறது என்று வைப்போம். ஒரு பொருளுக்கு 70 வீதம் 420 ரூபா மிச்சம். விலை சுட்டுவிட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? அடுத்த முறை வடையையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரும். அல்லது சாட்டிக்கோ கீரிமலைக்கோ போய்விடும். ஆறு தடவை இரண்டாகிவிட்டால் 170 வீதம் 340 ரூபாதான். அந்த நான்கு தடவையும் பிள்ளைகள் வாங்கியிருக்கக்கூடிய ஐஸ்கிறீமும் சோடாவும் சேர்ந்தே போய்விடும். பக்கத்துக் கடைக்காரரும் நட்டப்படுவார்.

திரும்பி வராத வாடிக்கையாளருக்கு ஒரு விலை, திரும்பி வருபவருக்கு ஒரு விலை என்பது உலக வழக்கம். ஆனால் கசூரினாவுக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் திரும்பி வருபவர்கள். ஊர்ச் சந்தையில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள். அவர்களிடம் ஒரு நாள் விலை வாங்கினால் அந்தச் செய்தி பொன்னாலைப் பாலம் தாண்டுவதற்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கஷ்ட காலத்தில் யார் வந்தார்கள்?

உள்ளூர் வாடிக்கையாளரைப் பெரிதாக மதிக்கச் சொல்வது வெறும் உணர்ச்சிக்காக அல்ல. நாட்டின் புள்ளிவிபரத்தைப் பாருங்கள். 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தினத் தாக்குதல்கள் நடந்தன. அந்த வருடம் தொகை 19 இலட்சமாகக் குறைந்தது. 2020இல் கொரோனா வந்தது, தொகை 5 இலட்சமானது. 2021இல் 2 இலட்சத்தைக் கூடத் தொடவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி, எரிபொருள் வரிசை. அந்த வருடம் 7 இலட்சத்து 20 ஆயிரம் பேர் அளவில் வந்தார்கள். 2023இல் ஏறத்தாழ 15 இலட்சம், 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது.

ஏறி இறங்கிய இந்த ஆறு வருடத்தில், வெளிநாட்டாரை மட்டும் நம்பி அறை கட்டியவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். தெற்குக் கரையோரத்தில் வானை விற்றவர்களும் விடுதியை மூடியவர்களும் பலர். உள்ளூர்ச் சனத்தை நம்பியவர்களுக்கும் அடி விழுந்தது. ஊரடங்கு நாட்களில் கடற்கரைக்கு யாரும் வர முடியாது, பெற்றோல் இல்லாத நாட்களில் வான் ஓடாது. ஆனால் தடை நீங்கியதும் முதலில் வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள் உள்ளூர்ச் சனம்தான். அவர்களுக்கு விமான டிக்கட் தேவையில்லை, வீசா தேவையில்லை, தூதரகத்தின் பயண எச்சரிக்கையும் அவர்களைத் தடுக்காது.

வடக்கின் சரித்திரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். போர்நிறுத்த உடன்படிக்கை வந்த 2002இல் ஏ9 வீதி திறந்தது, தெற்கிலிருந்து சனம் வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது, வரவு ஒரே நாளில் நின்றது. யுத்தத்துக்குப் பின் மீண்டும் திறந்தது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமானது. அடுத்த வருடமே கொரோனாவினால் சென்னைச் சேவை நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் ஆரம்பித்து, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. திறப்பதும் மூடுவதும் இந்த மண்ணின் வழக்கமாகிவிட்டது. திறந்திருக்கும்போது இலாபம் எடுக்கலாம், தவறில்லை. ஆனால் மூடும்போதும் நிற்கக்கூடிய அத்திவாரம் வேண்டும்.

பனிமலையிலும் இதே பாடம்

காஷ்மீரிலுள்ள குல்மார்க் பனிச்சறுக்குக்குப் பெயர்போன இடம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரம். அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று அங்கே கம்பிக் கார் நடத்துகிறது. அதன் முதற்கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் தொடங்கின. இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் 3,900 மீற்றருக்கு மேல் ஏற்றிவிடுகிறது. ஐரோப்பாவின் மலைகளோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு என்பதால் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்களும் தேடி வருகிறார்கள்.

ஆனால் அந்த ஊரின் அடுப்பு எரிவது வீரர்களால் மட்டுமல்ல. பனியையே பார்த்திராத இந்தியக் குடும்பங்கள் பனியைத் தொட்டுப் பார்க்க வருகின்றன. அவர்களில் பலருக்குச் சறுக்கத் தெரியாது. கொண்டு வந்த உடுப்பும் குளிருக்குப் போதாது. அவர்களை நம்பி, மலை அடிவாரத்திலுள்ள தங்மார்க்கில் நீண்ட காலணிகளையும் குளிர் அங்கிகளையும் வாடகைக்கு விடும் கடைகள் வரிசையாக உள்ளன. மலை மேலே மரச்சறுக்கு வண்டியில் உட்கார வைத்து இழுத்துச் செல்பவர்களும், குதிரைக்காரர்களும், சுடச்சுடத் தேநீர் விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு அங்கியை வாங்கி வைத்து, நூறு பேருக்கு வாடகைக்கு விடும் வியாபாரம் அது.

அங்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் காஷ்மீருக்கு வருவோர் தொகை சரிந்தது. வெளி மாநிலத்தாரை மட்டுமே நம்பியவர்கள் அதிகம் கஷ்டப்பட்டார்கள். வாடிக்கையாளர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாரோ, அவ்வளவுக்கு அவரைத் தடுக்கும் காரணங்களும் அதிகம். அண்டை ஊர்க்காரர் கொடுக்கும் பணம் சிறிது, ஆனால் நிச்சயம் கூடியது.

வாடகைக்கு விடும் யோசனையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கசூரினாவில் நாங்கள் கழித்த நாளில் பாய் போதாமல் மணலில் உட்கார்ந்தவர்களைப் பார்த்தோம். வெயிலில் குடை இல்லாமல் நின்றவர்களைப் பார்த்தோம். பிள்ளைக்கு மிதவை வளையம் கேட்டு அலைந்த ஒரு தகப்பனைப் பார்த்தோம். விற்றால் ஒரு தடவைதான் பணம். வாடகைக்கு விட்டால் ஒரே வளையம் ஒரு பருவம் முழுக்கச் சம்பாதிக்கும்.

எங்கே இடைவெளி இருக்கிறது?

நாள் முழுக்கப் பார்த்தும், கடைக்காரர்களோடு பேசியும், வான் சாரதிகளை விசாரித்தும் நாங்கள் குறித்துக்கொண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

நன்னீர்: காரைநகரில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. கிணறுகள் பல உவர். கடலில் குளித்து ஏறியவருக்கு உப்பைக் கழுவ ஒரு வாளி நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீரைக் கொண்டு வந்து, பெண்களுக்கு மறைவான இடத்தில், நியாயமான கட்டணத்தில் கொடுக்க முடிந்தால் அது சேவையாகவும் இருக்கும், வருமானமாகவும் இருக்கும்.

சுத்தமான கழிப்பறையும் உடை மாற்றும் இடமும்: ஒரு குடும்பம் அங்கே இரண்டு மணி நேரம் இருப்பதா, ஆறு மணி நேரம் இருப்பதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். அதிக நேரம் இருந்தால் இன்னொரு முறை பசிக்கும். கழிப்பறைக்குச் செலவழிப்பது நட்டம் என்று நினைப்பவர் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

முன்கூட்டி ஓடர் எடுக்கும் சாப்பாடு: பஸ்ஸில் வரும் ஐம்பது பேர் கடற்கரையில் வந்திறங்கிச் சோறு தேடினால் கிடைக்காது. முதல் நாளே தொலைபேசியில் எண்ணிக்கை சொல்லிவிட்டால், நகரத்திலுள்ள நமது சாப்பாட்டுக் கடைகள் பார்சல் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஹலால் உணவு எங்கே கிடைக்கும் என்று தேடும் கிழக்கு மாகாணக் குடும்பங்களுக்கும் இது பெரும் உதவி. மீந்துபோகும் என்ற பயம் இதில் இல்லை. எண்ணிச் சமைக்கும் வியாபாரம்.

வழிக்கடை: பனம்பொருள், நல்லெண்ணெய், கருவாடு ஆகியவற்றைப் பஸ் நிறுத்த வசதியுள்ள இடத்தில், நிறையும் விலையும் ஒட்டிய பொதியாக விற்றால், தெற்கிலிருந்து வருபவர்கள் பேரம் பேசாமல் வாங்குவார்கள். மொழி தெரியாதவருக்கு விலைச் சீட்டே விற்பனையாளர்.

வான் பயணம்: ஒரு சாரதி என்னிடம் சொன்னார். "கொழும்பு ட்ரிப் கிடைச்சா நல்ல காசுதான், நானா. ஆனா மாசத்துக்கு எத்தினை கிடைக்கும்? கசூரினா ட்ரிப் கிழமைக்கு ரெண்டு நிச்சயம்." நிச்சயமான இரண்டு, நிச்சயமில்லாத ஒன்றை விட மேல்.

இறங்குவதற்கு முன்

கடற்கரை யாருடைய சொந்தக் காணியும் அல்ல. கரையோர வலயம் என்பது உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை வருகிறது. அதற்குள் எதைக் கட்டுவதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடை போடுவதற்குப் பிரதேச சபையின் அனுமதி வேண்டும், உணவு விற்பதானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்ணுக்குத் தப்ப முடியாது, தப்பவும் கூடாது. கேள்விக் கோரல் மூலம் கடை எடுக்கும்போது ஆவேசத்தில் தொகையைக் கூட்டிக் கேட்டுவிட்டு, அந்தப் பணத்தை வடை விலையில் ஏற்றுவது எல்லோரையும் கெடுக்கும். மேலே போட்ட 108 நாள் கணக்கை வைத்துத்தான் வாடகை கேட்க வேண்டும், 365 நாளை வைத்து அல்ல.

இரண்டாவது, ஊர்க்காரர். காரைநகர் வியாபாரத்துக்குப் புதிய ஊர் அல்ல. இலங்கையின் பல நகரங்களில் கடை வைத்து நடத்திய வணிகர்களின் ஊர் அது. அங்கே போய் நாம் தனியாகக் கடை விரிப்பதை விட, ஏற்கெனவே நிற்பவருடன் பங்காகச் சேர்வது நல்லது. அவர் இடத்தையும் சனத்தையும் அறிவார், நாம் சரக்கையும் போக்குவரத்தையும் கொடுக்கலாம். அந்தக் கரையில் தொழில் செய்யும் மீனவரின் வலைக்கும் படகுக்கும் இடைஞ்சல் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, குப்பை. சாப்பிட்ட பார்சல் தாளும் பிளாஸ்ரிக் போத்தலும் மணலில் கிடந்தால், அடுத்த வருடம் நல்ல குடும்பங்கள் வராது. விற்றவரே தன் கடையைச் சுற்றி இருபது யார் தூரத்தைப் பொறுக்கிச் சுத்தம் செய்வது என்று கடைக்காரர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம். இதற்கு முதல் தேவையில்லை, ஒரு சாக்குப் போதும்.

ஆகவே, சுற்றுலாவில் பணம் போடலாமா என்று கேட்ட சகோதரர்களுக்கு என் பதில் இதுதான். போடலாம். ஆனால் கட்டிடத்திலிருந்து தொடங்க வேண்டாம், வாடிக்கையாளரிலிருந்து தொடங்குங்கள். ஒரு பருவத்துக்குச் சிறு தொகையோடு இறங்கிப் பாருங்கள். தினமும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டாம் முறை வந்தவர்களின் தொகை கூடிக்கொண்டே போனால் வியாபாரம் வேரூன்றிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு அறை கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். வெளிநாட்டார் வந்தால் அது மேலதிக இலாபம், வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியும்.